உடைப்பு வேலையிலும் உயரலாம்: நாள் கூலியிலிருந்து குத்தகையாளர் வரை

லகாட், மெங்லெம்பு, பாப்பான், பூசிங், பத்து காஜா வட்டாரங்களில் கட்டடம் உடைக்கும் வேலை நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்த பிறகு, கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. லம்பத்து இயந்திரங்கள் வெட்டப்பட்டுப் பழைய இரும்பாகப் போயின. 1938-இல் கட்டப்பட்ட, ஏறக்குறைய 4,500 டன் எடையுள்ள தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக் கப்பல் மட்டும் இன்று பத்து காஜா அருகே காட்சிப் பொருளாக நிற்கிறது. பின்னர் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது லயங்களும், ரப்பர் ஆலைகளும், புகைக் கூடங்களும் உடைக்கப்பட்டன. தாத்தா குடியிருந்த லயத்தைப் பேரன் கூலிக்கு உடைத்த தோட்டங்கள் உண்டு.

இன்று ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் பழைய கடை வீடுகள், தொழிற்சாலைகள், அரசாங்கக் குடியிருப்புகள் என உடைக்கும் வேலை தொடர்ந்து வருகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்கள் பலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். காலையில் லோரியில் ஏறி, மாலையில் கூலி வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். பத்து ஆண்டு கழித்தும் அதே லோரி, அதே சுத்தியல் என்றால் அதற்கு முக்கியக் காரணம் ஒன்றுதான். அவர்கள் கற்ற வேலை எந்தத் தாளிலும் பதிவாகவில்லை.

இந்தத் தொழிலில் மேலே ஏற வழி இருக்கிறது. ஒவ்வொரு படியிலும் என்ன தாள் வேண்டும், என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

சட்டப்படி இதுவும் கட்டுமானமே

'உடைக்கிறதுக்கு எதுக்குங்க லைசன்ஸ்?' என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தை, அதாவது சிஐடிபியை, உருவாக்கிய 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டம், கட்டடத்தைக் கட்டுவது, பழுதுபார்ப்பது ஆகியவற்றோடு, கழற்றுவதையும் இடிப்பதையும் கட்டுமான வேலை என்றே வரையறுக்கிறது.

கட்டுமானத் தளத்துக்குப் பொருந்தும் பதிவு, பயிற்சி, பாதுகாப்பு விதிகள் உடைப்புத் தளத்துக்கும் பொருந்தும். குத்தகையாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். தொழிலாளியும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஊராட்சி மன்றத்தின் அனுமதி இல்லாமல் கட்டடத்தில் கை வைக்க முடியாது. இவை சுமையாகத் தோன்றலாம். ஆனால் கட்டுமானத் துறையில் உள்ள தகுதிச் சான்றுகள், பதவி உயர்வுகள் எல்லாமே உடைப்பு வேலை செய்பவருக்கும் கிடைப்பது இந்த வரையறையால்தான்.

பலத்தைவிட வரிசை முக்கியம்

கட்டடத்தை உடைக்கப் பலம் போதும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். தொழில் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது, 'எது எதைத் தாங்குகிறது?' என்பதைத்தான். பொதுவான முறை, கட்டிய வரிசைக்குத் தலைகீழாகக் கழற்றுவது. கடைசியில் ஏறியது முதலில் இறங்க வேண்டும். கூரை, பிறகு மேல் தளம், அதன்பின் அதன் கீழுள்ள உத்திரம், சுவர், தூண் என்று இறங்கி வர வேண்டும்.

வரிசை சரியாக இருந்தாலும் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது. உடைத்த கற்களை எங்கே குவிக்கிறோம் என்பதே அது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை சுமார் 2,400 கிலோ. உடைத்துக் குவித்த கல்லும் மண்ணும் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1,500 கிலோ இருக்கும். சாதாரண வீட்டின் மேல் தளம், ஆட்களுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்குமாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவு சுமைக்குத்தான் திட்டமிடப்படுகிறது. அந்தத் தளத்தில் ஒரு மீட்டர் உயரத்துக்கு இடிபாட்டைக் குவித்தால், அது திட்டமிட்ட சுமையைப் போல் பத்து மடங்கு. அதற்கு மேல் ஓர் எக்ஸ்கவேட்டரையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈப்போ பழைய நகரக் கடை வீடுகளிலும் தோட்ட லயங்களிலும் மற்றொரு சிக்கல் உண்டு. பக்கத்து வீட்டுக்கும் இதற்கும் சுவர் ஒன்றுதான். பல இடங்களில் கூரையின் உத்திரமும் அடுத்த வீட்டுக்குள் தொடரும். நடு வீட்டை மட்டும் எடுக்கும்போது இருபக்கச் சுவர்களுக்கும் முட்டுக் கொடுக்காவிட்டால் அடுத்த வீட்டார் தலையில் அது விழலாம்.

பெட்டாலிங் ஜெயா, செக்‌ஷன் 14-இல் இருந்த ஜெயா பேரங்காடி 2009 மே 28-ஆம் தேதி உடைக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. உள்ளே வேலை செய்த இந்தோனேசியத் தொழிலாளர்கள் ஏழு பேர் மாண்டனர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் 2023 ஜூன் 15-ஆம் தேதி, உடைக்கப்பட்டுவந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் சுவர் சரிந்து 20 வயது இந்தியத் தொழிலாளர் ஒருவர் உயிரிழந்தார். இத்தகைய விபத்தில் முதலில் சிக்குபவர் அடிமட்டத் தொழிலாளிதான். வரிசையும் சுமையும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: சிஐடிபி அட்டை

கட்டுமானத் தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் சிஐடிபி பதிவு அட்டை இருக்க வேண்டும். பலர் இதைப் பச்சை அட்டை என்றே அழைக்கிறார்கள். ஒரு நாள் பாதுகாப்பு அறிமுக வகுப்பில் கலந்துகொண்டு இதைப் பெறலாம். எஸ்பிஎம் சான்றிதழ் தேவையில்லை. காலாவதித் தேதி உண்டு; புதுப்பிக்க மறக்கக் கூடாது.

இத்துடன் சம்பளத்தையும் சரிபார்க்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். ஐந்துக்கும் குறைவான ஊழியர் உள்ள முதலாளிகளுக்கு அது ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. வாரத்தில் ஆறு நாள் வேலை என்றால் நாள் ஒன்றுக்கு 65 ரிங்கிட் 38 சென். நாள் கூலி என்பதால் இதைவிடக் குறைத்துக் கொடுக்க முடியாது.

அதைவிட முக்கியமானது சொக்சோ. ஒரே ஒரு தொழிலாளியை வைத்திருக்கும் முதலாளியும் அவரைப் பெர்கேசோவில் பதிந்து சந்தா கட்ட வேண்டும். 'நாள் கூலிக்கு சொக்சோ கிடையாது' என்று சொல்வது உண்மையல்ல. வேலையில் ஏற்படும் விபத்துக்கு மட்டுமன்றி, வேலைக்குப் போகும் வழியில், திரும்பி வரும் வழியில் ஏற்படும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். சொந்தமாக ஆள் சேர்த்து வேலை பிடிக்கும் கெப்பாலாக்கள், சுயதொழில் செய்பவர்களுக்கான 2017-ஆம் ஆண்டின் 789-ஆவது சட்டத்தின் கீழ் தாங்களே சந்தா கட்டிக்கொள்ளலாம்.

இடுப்பு உடைந்து படுத்த பிறகு குடும்பத்துக்கு மாதா மாதம் ஏதாவது வருமா, வராதா என்பதை இந்தச் சந்தாதான் தீர்மானிக்கிறது.

இரண்டாம் படி: கையில் ஒரு தொழில்

சுத்தியலும் பிரேக்கரும் பிடிப்பவருக்கும், கேஸ் வெட்டத் தெரிந்தவருக்கும் கூலியில் வித்தியாசம் உண்டு. எக்ஸ்கவேட்டர் ஓட்டுபவருக்கு அதைவிட அதிகம். உடைப்புத் தளத்தில் எப்போதும் தேவைப்படும் கைத்தொழில்கள் சில: இரும்பு உத்திரங்களைக் கேஸில் வெட்டுவது, எக்ஸ்கவேட்டர் ஓட்டுவது, சாரம் கட்டுவது, கிரேனுக்குச் சுமை கட்டிச் சைகை கொடுப்பது, கான்கிரீட்டை வைரப் பல் ரம்பத்தால் அறுப்பது.

இவற்றில் சாரம் கட்டுவதற்கும் கிரேன் ஓட்டுவதற்கும் தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின், அதாவது ஜேகேகேபியின், தகுதிச் சான்று வேண்டும். இயந்திரத்தைச் சாலையில் ஓட்டிச் செல்ல ஜேபிஜே லைசன்ஸ் தனியாகத் தேவை.

பல ஆண்டுகள் வேலை செய்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நம் மக்களில் பலர் இதை அறிந்திருக்கவில்லை. திறன் மேம்பாட்டுத் துறையின் 'பிபிதி' என்னும் முன் அனுபவ அங்கீகாரத் திட்டமே அது. வகுப்பில் உட்கார்ந்து படிக்காமல், ஏற்கெனவே செய்த வேலையை ஆதாரத்தோடு காட்டி எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பெறலாம். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார். வேலையைச் செய்து காட்டச் சொல்வார்.

ஆதாரம் என்றால் என்ன? முதலாளி தரும் வேலை உறுதிக் கடிதம், சம்பளச் சீட்டு, சொக்சோ, இபிஎஃப் பதிவு, வேலை செய்யும்போது எடுத்த படங்கள், வேலைக் குறிப்பேடு. அதனால்தான் இன்று வேலைக்குச் சேரும் தம்பி முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ள வேண்டும். எந்த இடம், எத்தனை மாடி, என்ன இயந்திரம், எத்தனை நாள் என்று எழுதி வைத்தால் போதும். கைப்பேசிப் படங்களை அழித்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: மேற்பார்வை

பிரிட்டனில் உடைப்புத் தொழிலாளர்களுக்கென்றே தனி அட்டை முறை இருக்கிறது. சாதாரணத் தொழிலாளி, உயரத்தில் நின்று பிரிக்கும் 'டாப்மேன்', மேற்பார்வையாளர், மேலாளர் என்று படிகள் பிரிக்கப்பட்டுள்ளன. உடைப்புப் பொறியாளர்களுக்கான கழகம் ஒன்று 1976 முதல் அங்கே இயங்குகிறது. நம் நாட்டில் மேற்பார்வைக்கு ஏறும் வழி பெரும்பாலும் பாதுகாப்புப் பணி வழியாகச் செல்கிறது.

முதலில் தளப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி. அடுத்து, பாதுகாப்பு, சுகாதார அதிகாரி. இதற்கு நியோஷ் போன்ற நிலையத்தில் படித்து, தேர்வில் தேறி, ஜேகேகேபியில் பதிவு பெற வேண்டும். பெரிய கட்டுமானக் குத்தகைகளில் இத்தகைய அதிகாரியைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும் என்பதால் வேலைக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது.

2024 ஜூன் 1 முதல் சட்டம் மேலும் கடுமையாகியுள்ளது. திருத்தப்பட்ட தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள முதலாளி, அதிகாரி தேவைப்படாத இடத்திலும் ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரை நியமிக்க வேண்டும். கடமை தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. சின்ன உடைப்புக் குத்தகையாளரும் இப்போது பயிற்சி பெற்ற ஓர் ஆளைத் தேட வேண்டியுள்ளது. மலாய் படிக்கவும் எழுதவும் தெரிந்து, தளத்து வேலையும் தெரிந்த இளைஞருக்கு இது நல்ல வாய்ப்பு.

எஸ்பிஎம் முடித்தவர்கள் நேராகப் படிப்பு வழியாகவும் வரலாம். 1969-இல் நாட்டின் முதல் பாலிடெக்னிக்காகத் தொடங்கிய உங்கு ஒமார் பாலிடெக்னிக் ஈப்போவிலேயே இருக்கிறது. கட்டுமானப் பொறியியல் டிப்ளோமா முடித்தவர், உடைப்புத் திட்டம் தயாரிப்பது, அளவெடுத்து விலை போடுவது போன்ற வேலைகளுக்குப் போகலாம். தளத்தில் வளர்ந்த பையன் டிப்ளோமாவும் முடித்தால், படித்து மட்டும் வந்தவருக்கு இல்லாத ஓர் அனுபவம் அவரிடம் இருக்கும்.

வெடி வைத்துத் தகர்ப்பதுதான் உச்சமா?

உடைப்புத் தொழில் என்றதும் இளைஞர்களுக்கு நினைவுக்கு வருவது வெடி வைத்துக் கட்டடத்தைச் சரிக்கும் காட்சிகள். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-இல் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அருகில் நின்ற மற்றொரு 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்த வேலையைச் செய்தது திருப்பூரைச் சேர்ந்த நிறுவனம்.

2022 ஆகஸ்டு 28-இல் புதுடில்லி அருகே நொய்டாவில் ஏறக்குறைய 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் ஒன்பது விநாடி அளவில் தரைமட்டமாயின. அதற்காகத் தூண்களில் 9,000-க்கும் மேற்பட்ட துளைகள் போட்டு, ஏறக்குறைய 3,700 கிலோ வெடிமருந்து நிரப்பினார்கள். ஒன்பது விநாடிக்குப் பின்னால் பல மாத வேலை இருந்தது. அதில் பெரும்பகுதி துளை போடுவது, கம்பி வலையும் துணியும் சுற்றுவது, கணக்குப் பார்ப்பது.

நம் நாட்டில் பெரும்பாலான கட்டடங்கள் இயந்திரத்தாலும் கையாலும்தான் பிரிக்கப்படுகின்றன. வெடிமருந்தைக் கையாள 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி போலீஸ் அனுமதி வேண்டும். எனவே இந்த வழியை மட்டும் கனவு காண்பதைவிட, எக்ஸ்கவேட்டரையும் கேஸ் வெட்டுதலையும் கற்பவருக்கு வேலை எளிதில் கிடைக்கும்.

நான்காம் படி: சொந்தக் குத்தகை

சிஐடிபி குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு தரங்களாகப் பிரிக்கிறது. தொடக்கத் தரமான ஜி1-இல் 200,000 ரிங்கிட் வரையிலான வேலைகளை எடுக்கலாம். ஜி2-க்கு 500,000, ஜி3-க்குப் பத்து லட்சம் ரிங்கிட் என்று வரம்பு உயரும். ஜி7-க்கு வரம்பு இல்லை. ஜி1-க்கு 5,000 ரிங்கிட் மூலதனம் காட்ட வேண்டும். எஸ்எஸ்எம்மில் நிறுவனப் பதிவும் வேண்டும்.

பதிவு வாங்குவது எளிது. விலை போடுவதில்தான் பலர் கவிழ்கிறார்கள். கட்டடம் கட்டுபவருக்கு வருமானம் ஒரு வழியில் வருகிறது. உடைப்பவருக்கு இரண்டு வழி: உரிமையாளர் தரும் பணம், உடைத்தெடுக்கும் இரும்பு, செம்பு, செங்கால் மரம், ஓடு ஆகியவற்றை விற்கும் பணம். பழைய பொருளின் மதிப்பைக் கழித்துக்கொண்டு குறைந்த விலைக்கு வேலை பிடிப்பது இத்தொழிலின் வழக்கம். ஆனால் வேலை பேசும் நாளில் இருந்த இரும்பு விலை, வேலை முடியும் நாளில் இருக்குமா?

குப்பைச் செலவையும் பலர் மறந்துவிடுகிறார்கள். எத்தனை லோரி இடிபாடு வரும், அனுமதிக்கப்பட்ட கொட்டும் இடம் எங்கே, அங்கே என்ன கட்டணம் என்பதை முதலிலேயே கணக்கிட வேண்டும். பழைய லம்பக் குளத்தில் கொட்டிவிட்டால் செலவு மிச்சம் என்று நினைப்பவர்கள் பின்னர் சம்மனோடு நிற்க வேண்டிவரும். பழைய இரும்பை வாங்கி விற்கும் கடை தனியாக நடத்தினால் அதற்குப் போலீஸ் லைசன்ஸ் வேண்டும்.

வேலை தொடங்கும் முன் செய்ய வேண்டியவை: ஊராட்சி மன்ற அனுமதி, தெனாகா நேஷனல் மின்சாரத்தையும் பேராக் தண்ணீர் வாரியம் நீரையும் துண்டித்ததற்கான எழுத்துப்பூர்வ உறுதி, எரிவாயு, தொலைபேசிக் கம்பிகள் பற்றிய சோதனை, பக்கத்துக் கட்டடத்தில் ஏற்கெனவே உள்ள விரிசல்களின் படங்கள். இந்தப் படங்கள் இல்லாமல் வேலையைத் தொடங்கினால் அடுத்த வீட்டின் பழைய விரிசலுக்கும் நீங்கள்தான் பணம் கட்ட வேண்டிவரும்.

அமெரிக்காவில் உலகப் புகழ்பெற்ற உடைப்பு நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய ஜேக் லோய்சோ, முதலில் வெடிமருந்து வைத்து மரத்தின் அடிக்கட்டைகளைப் பெயர்த்தவர். பிறகு புகைபோக்கிகள், அதன்பின் கட்டடங்கள் என்று வளர்ந்தார். பால் மரக் கட்டை பெயர்த்த அனுபவம் நம் தோட்டங்களிலும் நிறைய பேருக்கு இருந்தது. சிறிய வேலையைச் சரியாக முடித்துப் பெயர் எடுத்து, அந்தப் பெயரை வைத்து அடுத்த வேலையைப் பிடிக்கும் முறை நமக்கும் பொருந்தும்.

லயத்துக் கூரை: தெரியாமல் தொட வேண்டாம்

நம் மக்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று ஆஸ்பெஸ்டாஸ். பழைய லயங்கள், ஆலைகள், பள்ளிகள், அரசாங்கக் குடியிருப்புகள் பலவற்றில் சாம்பல் நிற அலைத் தகடுகளும் உட்கூரைப் பலகைகளும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டால் ஆனவை. சும்மா இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. உடைக்கும்போது, அறுக்கும்போது, இழுத்துப் போடும்போது கண்ணுக்குத் தெரியாத நார்த்தூள் கிளம்பி நுரையீரலில் தங்கிவிடுகிறது. நுரையீரல் புற்றுநோய் போன்ற நோய்கள் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூட வரும். இளம் வயதில் மூச்சில் இழுத்ததற்குப் பேரப்பிள்ளை எடுக்கும் வயதில் விலை கொடுக்க நேரும்.

தகட்டைச் சுத்தியலால் உடைக்கவோ கிரைண்டரால் அறுக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து நனைத்து, திருகாணியைக் கழற்றி முழுத் தகடாக இறக்க வேண்டும். வாயில் துண்டு கட்டுவது பயன் தராது. நுண் தூளைத் தடுக்கும் உரிய சுவாசக் கவசம் வேண்டும். வேலை உடையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கக் கூடாது. அந்தத் தூள் வீட்டாரையும் பாதிக்கும். ஆஸ்பெஸ்டாஸ் கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைப்படி எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் பட்டியலிடப்பட்ட அபாயக் கழிவு. உரிமம் பெற்றவர்தான் அதைக் கொண்டுபோய் அழிக்க வேண்டும். பழைய தகடுகளை வாங்கிக் கோழிக்கூண்டுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் போடும் பழக்கத்தை நிறுத்த வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை

திருத்தப்பட்ட சட்டத்தின் 26-ஏ பிரிவு தொழிலாளிக்கு ஓர் உரிமையைத் தருகிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அந்த ஆபத்தை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. மேலே ஆள் உடைக்கும்போது கீழே இரும்பு பொறுக்கச் சொன்னால், முட்டுக் கொடுக்காத சுவரின் அடியில் நிற்கச் சொன்னால், இந்த உரிமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் பிள்ளையிடம் பெற்றோர் ஐந்து கேள்வி கேட்கலாம். சிஐடிபி அட்டை இருக்கிறதா? சொக்சோவில் பெயர் இருக்கிறதா? சம்பளச் சீட்டு தருகிறார்களா? தளத்தில் பாதுகாப்பைக் கவனிப்பவர் யார்? இந்த மாதம் புதிதாக என்ன வேலை கற்றுக்கொண்டாய்? முதல் மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் முதலாளியிடம் கேட்கச் சொல்லுங்கள். அவர் மறுத்தால் பெர்கேசோ அலுவலகத்திலும் தொழிலாளர் துறையிலும் புகார் செய்யலாம். கடைசிக் கேள்விக்குப் பல மாதங்களாகப் பதில் இல்லை என்றால், அந்த இடத்தில் வேலை இருக்கிறது, ஆனால் வளர்ச்சி இல்லை என்று பொருள். அப்போது வேறு குத்தகையாளரைத் தேடுவது நல்லது.